மடிப்பாக்கத்துக்குக் குடிவந்தவர் எந்த ஊர்த் திருவிழாவுக்குப் போவது?

திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வேலை நிமித்தமாக வந்து, மடிப்பாக்கத்தில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் இரண்டு ஆண்டுகளாக வசிக்கும் நீங்கள், எதிர் வீட்டுக்காரரின் பெயர்கூட இன்னும் தெரியவில்லை என்று வருந்துகிறீர்கள். சொந்த ஊரில் கொடை என்னும் கோயில் திருவிழா வந்தால் தெருவே ஒரே வீடாகிவிடும் என்றும், இங்கே பிள்ளைகளை எங்கே அழைத்துப் போனால், எந்த நிகழ்ச்சியில் சேர்ந்தால் இந்த நகரம் உங்களுக்கும் சொந்தமாகும் என்றும் கேட்டிருக்கிறீர்கள். முப்பத்தைந்து ஆண்டுகளில் முதல் பாதியை மயிலாப்பூரிலும் மறுபாதியை உங்கள் பகுதிக்குச் சற்றுத் தள்ளியும் கழித்தவன், ஒரு குடியிருப்போர் நலச் சங்கத்தில் செயலாளராக இருந்து ஏச்சும் பேச்சும் போதுமான அளவு வாங்கியவன் என்ற தகுதியில் பதில் சொல்கிறேன். உங்கள் கேள்வியிலுள்ள ‘இந்த நகரம்’ என்ற சொல்லை எடுத்துவிட்டு ‘இந்தப் பேட்டை’ என்று போட்டுக்கொண்டால் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும்.

சென்னை என்பது ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்த பல ஊர்களின் தொகுப்பு. 1639இல் தாமர்ல வேங்கடாத்ரி நாயக்கரிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கிடைத்தது கடலோரத்தில் ஒரு சிறிய நிலத்துண்டு மட்டுமே. திருவல்லிக்கேணி 1676இலும், எழும்பூர், புரசைவாக்கம், தண்டையார்ப்பேட்டை ஆகியவை 1693இலும், மயிலாப்பூர் 1749இலும் ஒவ்வொன்றாக அதனுடன் வந்து சேர்ந்தன. அந்த வரிசையில் மிக அண்மையில் சேர்ந்தவற்றுள் ஒன்று உங்கள் மடிப்பாக்கம். மாநகராட்சியின் பரப்பு 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 சதுர கிலோமீட்டராக விரிந்த 2011 வரைக்கும் அது ஊராட்சியாகத்தான் இருந்தது. ஆகவே நீங்கள் குடியிருப்பது, ஏரியும் எல்லை அம்மனும் பழைய குடும்பங்களும் உள்ள ஒரு கிராமத்தின் மேல் எழுப்பப்பட்ட மாடிகளில்தான். மாநகரம் இந்த ஊர்களையெல்லாம் விழுங்கிவிட்டது, ஆனால் இன்னும் செரித்து முடிக்கவில்லை. செரிக்காமல் மிஞ்சியிருக்கும் பகுதியைத்தான் நீங்கள் தேடுகிறீர்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

எல்லோரும் முதலில் கைகாட்டுவது மயிலாப்பூரை என்பதால் அதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லிவிடுகிறேன். ஏழாம் நூற்றாண்டில் ஞானசம்பந்தர் பாடிய பூம்பாவைப் பதிகத்தைப் படித்தால், அது பக்திப் பாடலாக இருக்கும்போதே ஓர் ஊரின் நாள்காட்டியாகவும் இருப்பதைக் காணலாம். ஐப்பசி ஓணம், கார்த்திகை விளக்கீடு, மார்கழித் திருவாதிரை, தைப்பூசம், மாசிக் கடலாட்டு, பங்குனி உத்திரம் என்று மாதவாரியாக விழாக்களைச் சொல்லி, இவற்றையெல்லாம் காணாமல் போய்விடுவாயோ என்று இறந்துபோன பூம்பாவை என்ற பெண்ணைப் பார்த்துக் கேட்கிறார். ஊர் விழாவைத் தவறவிடுவதை உயிரிழப்போடு சேர்த்துப் பேசிய அந்த மனநிலை இன்றும் மாடவீதிகளில் முற்றாக மறைந்துவிடவில்லை. கபாலீசுவரர் கோயில் பங்குனிப் பெருவிழாவின் மூன்றாம் நாள் காலை அதிகார நந்தி, ஐந்தாம் நாள் நள்ளிரவு ரிஷப வாகனம், ஏழாம் நாள் தேர், எட்டாம் நாள் நாயன்மார்கள் ஊர்வலம் வரும் அறுபத்துமூவர் என்ற வரிசை அங்கே வளர்ந்த எந்தப் பிள்ளைக்கும் மனப்பாடம். அயல்நாட்டில் வேலை பார்ப்பவர்கள்கூட விமானச் சீட்டை எட்டாம் நாளைக் கணக்கிட்டு எடுப்பதைப் பார்த்திருக்கிறேன்.

அறுபத்துமூவர் அன்று நான்கு வீதிகளிலும் சுற்றியுள்ள சந்துகளிலும் நடப்பதை வெளியிலிருந்து பார்ப்பவர்கள் கூட்டம் என்று மட்டும் சொல்வார்கள். உள்ளே இருப்பவர்களுக்கு அது ஏறக்குறைய ஒரு மாத வேலை. நீர்மோர்ப் பந்தலுக்கு இடம் பிடிக்க வேண்டும், மூட்டைக்கணக்கில் கொண்டைக்கடலை ஊறவைக்க வேண்டும், சாம்பார் சாதம் கிளற அண்டாவை யாரிடம் இரவல் வாங்குவது என்று முடிவுசெய்ய வேண்டும், சென்ற ஆண்டு குப்பையை அள்ளாமல் விட்ட குழுவோடு சண்டை போட வேண்டும். இந்தச் சண்டையும் இரவலும்தான் அந்த ஊரை ஊராக வைத்திருக்கின்றன என்பது என் கருத்து. நீங்கள் மடிப்பாக்கத்திலிருந்து பிள்ளைகளுடன் போனால் கண்கொள்ளாக் காட்சி கிடைக்கும், வயிறு நிறையும், கால் வலிக்கும். ஆனால் திரும்பி வரும்போது ஒரு புதிய முகமும் உங்களுக்குப் பழக்கமாகியிருக்காது. அவசியம் ஒருமுறை போய் வாருங்கள், ஆனால் நீங்கள் சொன்ன ஏக்கத்துக்கு மருந்தாக அதை நம்பாதீர்கள்.

மற்றப் பேட்டைகளின் பெருவிழாக்களுக்கும் இதுவே பொருந்தும். பெசன்ட் நகர் வேளாங்கண்ணி மாதா கோயிலில் ஆகஸ்ட் 29 அன்று கொடியேற்றம், செப்டம்பர் 8 அன்று பிறந்தநாள் விழா. அந்த நாட்களில் நகரின் பல மூலைகளிலிருந்தும் காவி உடுத்தி நடந்து வருபவர்களில் எல்லா மதத்தினரும் இருப்பார்கள். புரட்டாசியில் திருப்பதிக்குப் போகும் வெண்குடைகள் சென்னகேசவப் பெருமாள் கோயிலிலிருந்து புறப்பட்டு மாலையில் யானைகவுனியைக் கடக்கும்போது வடசென்னையின் ஒரு பகுதி அப்படியே நின்றுபோகும். ரமலானில் திருவல்லிக்கேணி பெரிய மசூதியின் முற்றத்தில் நோன்பு திறப்போருக்கு உணவு பரிமாறுபவர்களில் சூஃபிதார் அறக்கட்டளையின் தொண்டர்கள் உண்டு. பிரிவினைக் காலத்தில் சிந்துவிலிருந்து வந்த ஒருவர் தொடங்கிய அமைப்பு அது, அதன் தொண்டர்கள் பெரும்பாலும் இந்துக்கள், முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக இதைச் செய்துவருகிறார்கள். அந்த முற்றத்துக்கும் அவர்கள் ஒருகாலத்தில் வெளியாட்களாகத்தான் வந்தார்கள், கையில் பாத்திரத்தோடு வந்தார்கள் என்பதை மட்டும் இங்கே குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.

இனி உங்களுக்கு உண்மையில் பயன்படக்கூடியதைச் சொல்கிறேன். ஆடி மாதத்தில் சென்னையின் ஏறத்தாழ ஒவ்வொரு தெருமுனையிலும் உள்ள அம்மன் கோயிலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூழ் வார்ப்பார்கள். முதல்நாள் மாலை வேப்பிலைத் தோரணம் கட்டுவதும், பம்பை உடுக்கையோடு கரகம் அழைத்து வருவதும், மறுநாள் கேழ்வரகும் நொய்யும் சேர்த்துக் காய்ச்சிய கூழைக் கொப்பரையில் ஊற்றி வருவோர் போவோருக்கெல்லாம் வார்ப்பதும், வெங்காயம், முருங்கைக்கீரை, சில வீடுகளில் கருவாட்டுக் குழம்பு என்று தொட்டுக்கொள்ளக் கொடுப்பதும் வழக்கம். உங்கள் ஊர்க் கொடைக்கும் இதற்கும் வெளித்தோற்றத்தில் ஒற்றுமை நிறைய இருந்தாலும் அடிப்படையில் ஒரு முக்கியமான வேறுபாடு உண்டு. கொடையில் குடும்பத்துக்கு இவ்வளவு என்று வாங்கும் தலைக்கட்டு வரி உண்டு, அந்தத் தலைக்கட்டில் பிறந்தவனே பங்காளி, மற்றவன் எத்தனை ஆண்டுகள் அந்தத் தெருவில் இருந்தாலும் விருந்தாளிதான். சென்னைத் தெருக்கோயிலில் பெரும்பாலும் வரி கிடையாது, ரசீதுப் புத்தகம்தான் உண்டு. தெருவில் யார் குடியிருந்தாலும், வாடகைக்கு நேற்று வந்தவரானாலும், அந்தப் புத்தகம் அவர் கதவைத் தட்டும், பணம் கொடுத்தவர் பெயர் ஒலிபெருக்கியில் வாசிக்கப்படும். வம்சத்தால் அமையும் உறவு அங்கே, வசிப்பதால் அமையும் உறவு இங்கே. எல்லாக் கோயில்களிலும் இப்படித்தான் என்று சொல்லிவிட மாட்டேன். ஒரு குடும்பத்தின், ஒரு சாதியின் கைக்குள் இருக்கும் கோயில்கள் சென்னையிலும் உண்டு, அங்கே போய் ஒரு முறை நின்றாலே அது தெரிந்துவிடும். அப்படித் தெரிந்தால் அடுத்த தெருவுக்குப் போகலாம், சென்னையில் அதற்குப் பஞ்சமில்லை.

இப்போது நீங்கள் கேட்கலாம், இரண்டு ஆண்டுகளில் அந்த ரசீதுப் புத்தகம் ஏன் உங்கள் கதவைத் தட்டவில்லை என்று. நான் செயலாளராக இருந்தபோது கண்டுபிடித்த உண்மை இது: வசூலுக்கு வரும் பையன்களை அடுக்குமாடியின் காவலாளி வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுகிறார். அவர்மீது தவறில்லை, நாம்தான் அப்படிச் சொல்லி வைத்திருக்கிறோம், எங்கள் சங்கத்திலேயே அப்படித் தீர்மானம் போட்டவர்களில் நானும் ஒருவன். பாதுகாப்புக்காக எழுப்பிய அந்த இரும்புக் கதவு, கேட்கப்படும் உரிமையையும் சேர்த்தே வெளியில் நிறுத்திவிட்டது. பிறகு ஆடி வந்ததும் அதே குடியிருப்புக்காரர்கள் ஒலிபெருக்கியைப் பற்றிக் காவல் நிலையத்தில் புகார் கொடுப்பார்கள், கோயில்காரர்கள் ‘பிளாட்டுக்காரங்க’ என்று ஒட்டுமொத்தமாக முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். இரவு 10 மணிக்கு மேல் காலை 6 மணிவரை ஒலிபெருக்கி கூடாது என்பது சட்டம், அதைக் கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. என்றாலும் ஒரு நூறு ரூபாய் கொடுத்து ரசீது வாங்கியவர் நேரில் போய் “பிள்ளைக்குப் பரீட்சை இருக்கிறது தம்பி, கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள்” என்று சொன்னால் நடக்கும் காரியம், முகம் தெரியாதவர் தொலைபேசியில் புகார் சொன்னால் பாதிகூட நடப்பதில்லை.

சமயம் சாராத நிகழ்ச்சிகளே வேண்டும் என்று நினைத்தாலும் நகரத்தில் குறைவில்லை. பொங்கலை ஒட்டி, 1977 முதல் நடந்துவரும் புத்தகக் காட்சி, பூங்காக்களிலும் திடல்களிலும் நாட்டுப்புறக் கலைகளைக் கொண்டுவந்து 2007இல் தொடங்கி, இடையில் நின்று, 2023இல் அரசு மீண்டும் தொடங்கிய சென்னை சங்கமம், மார்கழியில் சபாக்களின் இசைவிழா ஆகியவை எல்லோரும் அறிந்தவை. சபாக்களில் நுழையப் பணமும் இசையறிவும் வேண்டும் என்று அஞ்சிப் பலர் போவதில்லை. உண்மையில் பெரும்பாலான சபாக்களில் பகல் நேரக் கச்சேரிகளுக்குக் கட்டணமே கிடையாது, முன்வரிசை காலியாகவே இருக்கும், இளம் பாடகர்கள் நாலு பேர் கேட்டால்கூட மகிழ்வார்கள். கச்சேரிக்கு ஒத்துவராதவர்களைச் சபா உணவகம் ஏமாற்றாது. பெசன்ட் நகரை ஒட்டிய மீனவக் குப்பமான ஊரூர் ஆல்காட் குப்பத்தில் 2015இல் தொடங்கிய விழாவும், 2020இல் தொடங்கிய மார்கழியில் மக்களிசையும் யாருடைய இசை எந்த இடத்தில் ஒலிக்கலாம் என்ற கேள்வியை எழுப்பியவை. கானாவையும் பறையையும் பிள்ளைகள் மரியாதையோடு கேட்டு வளர வேண்டும் என்று விரும்பினால் இவை போன்ற மேடைகளைத் தேடிப் போகலாம்.

இவற்றுள் உங்களுக்கு நான் சிறப்பாகச் சுட்டிக்காட்ட விரும்புவது, நகரம் பிறந்ததைக் கொண்டாடும் மெட்ராஸ் தினம். எஸ். முத்தையா, சசி நாயர், வின்சென்ட் டிசோசா ஆகியோர் 2004இல் தொடங்கிய இந்த ஆகஸ்ட் கொண்டாட்டத்தின் அழகு என்னவென்றால், இதற்கு மேடையும் தலைமையும் தேவையில்லை. யார் வேண்டுமானாலும் தங்கள் பகுதியில் ஒரு நடையையோ, பழைய புகைப்படக் கண்காட்சியையோ, பேச்சையோ ஏற்பாடு செய்து அதை மெட்ராஸ் வார நிகழ்ச்சி என்று அழைத்துக்கொள்ளலாம். அந்த நடைகளில் பெரும்பாலானவை கோட்டை, ஜார்ஜ் டவுன், மயிலாப்பூர் பக்கமே சுற்றுகின்றன என்பது எனக்கு நெடுநாளைய குறை. வாய்க்கால்கள் எங்கே ஓடின, ஏரிக்கரை எதுவரை இருந்தது, எந்தத் தெரு முன்பு நெல்வயல் என்று சொல்லக்கூடிய பெரியவர்கள் உங்கள் பகுதியில் இன்னும் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவரை முன்னே நடக்கவிட்டுப் பத்துப் பேர் பின்னே நடந்தால் அதுவும் முழுமையான மெட்ராஸ் தினம்தான். பிள்ளைகளுக்கும் அவர்கள் ஏறும் பள்ளிப் பேருந்து நிற்கும் இடத்துக்கு ஒரு பழைய பெயர் இருந்தது என்று தெரியவரும்.

விழாக்கள் ஆண்டுக்கு ஒருமுறை வருபவை. முகங்கள் பழகுவது வாரந்தோறும் நடப்பவற்றில்தான். பல்லாவரத்தில் வெள்ளிக்கிழமைதோறும் கூடும் சந்தை உங்களுக்கு அருகிலேயே இருக்கிறது. செடி, பழைய மிக்சி, புறா, இரும்புச் சாமான், துணி என்று எல்லாம் கிடக்கும் அந்தச் சந்தையில் ஒரே செடிக்காரரிடம் மூன்று வெள்ளிக்கிழமை தொடர்ந்து வாங்கிப் பாருங்கள், நான்காம் வாரம் அவரே உங்களைக் கூப்பிட்டுப் பேசுவார். பிள்ளைகளுக்கு ஆட்டம் வேண்டுமானால் வணிக வளாகத்தைத் தேடாமல் பக்கத்தில் கேரம் மன்றம் இருக்கிறதா என்று கேளுங்கள். வடசென்னையில் தெருவோர மன்றங்கள் உலக வெற்றியாளர்களை உருவாக்கியிருக்கின்றன. 2024இல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்ற காசிமா, வண்ணாரப்பேட்டைப் பக்கத்தில் ஆட்டோ ஓட்டுநரின் மகளாக வளர்ந்தவர். வியாசர்பாடியில் கால்பந்தும் இராயபுரத்தில் குத்துச்சண்டையும் இதே போலத் தெருவில் வேர்விட்டவை. தென்சென்னைப் புறநகரில் இந்த மன்றப் பண்பாடு மெலிந்திருக்கிறது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். மனைகள் விற்றுத் தீர்ந்தபோது திடல்களும் சேர்ந்தே தீர்ந்துவிட்டன.

கடைசியாக, கொண்டாட்டம் என்று யாரும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். 2015 டிசம்பர் வெள்ளத்தில் கடலோரக் குப்பங்களிலிருந்து மீனவர்கள் படகுகளைக் கொண்டுவந்து தெருக்களுக்குள் செலுத்தி, தங்களுக்கு எந்தத் தொடர்பும் இல்லாத மக்களை மீட்டார்கள். 2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல் மழையில் மடிப்பாக்கம், வேளச்சேரி, பள்ளிக்கரணை எல்லாம் மூழ்கியபோது, எந்த வீட்டில் டயாலிசிஸ் நோயாளி இருக்கிறார், எந்த வீட்டில் கைக்குழந்தைக்குப் பால் இல்லை என்பது தெருவில் ஓரிருவருக்கு ஏற்கெனவே தெரிந்திருந்த இடங்களில் உதவி முதலில் போய்ச் சேர்ந்தது. நாங்கள் அன்று பயன்படுத்திய தொலைபேசிப் பட்டியல், அதற்கு முந்திய பொங்கல் கோலப் போட்டிக்குப் பெயர் கொடுத்தவர்களின் பட்டியல். அதைத் தயாரித்தபோது வெள்ளத்தை யாரும் நினைக்கவில்லை. கோலப் போட்டி வீண்செலவு என்று செயற்குழுவில் வாதாடியவனும் நான்தான் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஆகவே குடியிருப்போர் நலச் சங்கத்தை வெறும் பராமரிப்புக் கட்டண அலுவலகமாக நினைத்து ஒதுங்காதீர்கள். உங்கள் அடுக்குமாடிக்குள் இருக்கும் சங்கம் வேறு, தெருக்கள் சேர்ந்து நடத்தும் நலச் சங்கம் வேறு, நீங்கள் தேட வேண்டியது இரண்டாவதை. அதற்கும் மேலே, கிராமசபை போல நகரங்களுக்கும் ஓர் அவை வேண்டும் என்ற நீண்டகாலக் கோரிக்கைக்குப் பிறகு, தமிழ்நாட்டில் 2022 நவம்பர் 1 உள்ளாட்சிகள் தினத்தன்று பகுதி சபைக் கூட்டங்கள் முதன்முறையாக நடந்தன. வார்டு உறுப்பினர் தலைமையில் வார்டு குழுவும், வார்டைப் பகுதிகளாகப் பிரித்துப் பகுதி சபையும் என்பது ஏற்பாடு. கூட்டத்துக்கு வருபவர்கள் இப்போதைக்கு மிகக் குறைவு. மழைநீர் வடிகால் எந்தத் தெருவில் பாதியில் நிற்கிறது, பூங்கா விளக்கு எத்தனை நாளாக எரியவில்லை என்பதை எழுதிக்கொண்டு போகும் ஒருவரை அங்கே எல்லோரும் அடுத்தமுறை பெயர் சொல்லி அழைப்பார்கள். மாநகராட்சியின் 1913 எண்ணுக்குத் தொலைபேசியில் புகார் செய்வதும் வேண்டியதுதான், ஆனால் அதில் குப்பை அகலுமே தவிர அறிமுகம் கிடைக்காது.

நிகழ்ச்சிகளின் பட்டியலைச் சேகரித்து வார இறுதிதோறும் ஒவ்வோரிடமாகப் போய்வருவது நல்ல பொழுதுபோக்கு, நானும் செய்கிறேன். நீங்கள் கேட்டதற்கு அது போதாது. நடந்து போகும் தொலைவில் உள்ள ஒன்றைத் தேர்ந்தெடுங்கள், அதில் உங்களுக்கென்று ஒரு வேலையைக் கேட்டு வாங்குங்கள், அதே வேலையை அடுத்த ஆண்டும் செய்யுங்கள். வெங்காயம் உரிப்பதாக இருந்தாலும் சரி, வரவு செலவு எழுதுவதாக இருந்தாலும் சரி. கணக்கு எழுதத் தெரிந்தவரை எந்தச் சங்கமும் எந்தக் கோயிலும் வேண்டாம் என்று சொன்னதாக நான் கேள்விப்பட்டதில்லை. முதல் ஆண்டில் உங்களைச் சந்தேகத்தோடு பார்ப்பார்கள், தேர்தலில் நிற்கப் போகிறார் என்றுகூட யாராவது கிளப்பிவிடுவார்கள், எனக்கும் அது நடந்தது.

இந்த வாரமே தொடங்க விரும்பினால், உங்கள் காவலாளியிடம் இனி ரசீதுப் புத்தகத்தோடு வருபவர்களைத் திருப்பி அனுப்பாமல் உங்கள் வீட்டுக்குத் தகவல் கொடுக்கச் சொல்லுங்கள். பிறகு எதிர் வீட்டுக் கதவைத் தட்டி, இந்தத் தெரு அம்மனுக்கு எந்த ஞாயிற்றுக்கிழமை கூழ் வார்க்கிறார்கள் என்று கேளுங்கள். அவருக்கும் தெரிந்திருக்காது. கோயில் வாசலில் பூக்கட்டும் அம்மாவுக்குத் தெரிந்திருக்கும், இருவருமாகப் போய்க் கேட்டுவிட்டு வாருங்கள்.